பாதிதாம்மா குடுத்தேன்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கின் நீளமான நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டிருந்தேன். வண்டி போகவில்லை.

போகவில்லை என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஓடியது. ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி ஓடியது. அது டர்போ வைத்த வண்டி. எஞ்சின் சுழற்சி ஏற ஏற, முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு வேகம் வரவேண்டும். அந்தக் கை வரவேயில்லை.

என்னைத் தாண்டி ஒரு சாதாரணக் குடும்பக் கார் போனது. அதன் பின்கண்ணாடியில் குழந்தைப் படம் போட்ட ஸ்டிக்கர். ஹெல்மெட்டுக்குள் என் இரண்டு காதும் சுட்டன.

வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கிற பிட் பகுதிக்குத் திரும்பி வந்தேன். என் பழைய கூட்டாளி தேவராஜ் அங்கே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். நான் இறங்குவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா சாமு, வண்டிய ஓட்டுனியா, இல்ல தள்ளிகினு வந்தியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த வண்டிக்குப் புதுக் கம்ப்யூட்டர் பொருத்தி அதற்குக் கணக்கெல்லாம் போட்டவள் என் மருமகள் பிரின்சி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வண்டிக்கு வந்தாள்.

மீதியைச் சொல்வதற்கு முன் சில பழைய விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் சுற்றி வருகிறேன் என்று நீங்கள் நினைத்தால், அதுவும் சரிதான்.

காலில் மீட்டர்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரகடம் பக்கம் ஒரு வண்டித் தொழிற்சாலையில் நான் டெஸ்ட் டிரைவராக இருந்தேன். லைனிலிருந்து இறங்கும் வண்டியை உள்ளேயே இருக்கிற சின்ன டிராக்கில் ஓட்டிப் பார்ப்போம். பிரேக், கியர், ஸ்டியரிங், கதவுச் சத்தம் எல்லாம் சரி என்று நாங்கள் சொன்ன பிறகுதான் அது கேட்டைத் தாண்டும்.

ஷிஃப்டில் நானும் தேவராஜும் ஜோடி. அவனுக்குக் காது. எந்த பேரிங் முனகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எனக்குக் கால்.

டீ நேரத்தில் ஒரு விளையாட்டு உண்டு. ஸ்பீடோமீட்டர் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, "அறுபதுல புடி" என்பார்கள். பிடிப்பேன். காகிதத்தை எடுத்துப் பார்த்தால் முள் அறுபதில் உட்கார்ந்திருக்கும். "சாமுவேல் கால்ல மீட்டர் வெச்சுகினு பொறந்தவன்யா" என்று சூப்பர்வைசர் புது ஆட்களிடம் சொல்வார். கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை அப்படியே ஒப்பிப்பேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அடுத்த வருஷம் அந்தக் கால் என்னை விட்டுப் போக ஆரம்பித்தது.

சர்க்கரை எனக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரை போடுவேன், மறப்பேன், மறுபடி போடுவேன். முதலில் கட்டைவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு அடிப்பாதத்தில் பஞ்சு வைத்துக் கட்டிய மாதிரி ஆனது. பிறகு அந்தப் பஞ்சும் தெரியவில்லை.

ஐயா, செருப்பு

செங்கல்பட்டில் இருக்கும் என் தங்கையைப் பார்த்துவிட்டு ஒருநாள் மதியம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினேன். நல்ல வெயில். மேம்பாலப் படியிறங்கி, ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்து, ஒரகடம் ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கினேன்.

"ஐயா! ஐயா! செருப்பு!"

கொய்யாக் கூடைக்காரம்மா ஒருத்தி கையில் ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குனிந்து பார்த்தேன். வலது கால் வெறுங்காலாக இருந்தது. படிக்கட்டின் நடுவில் எங்கேயோ கழன்றிருக்கிறது. அவ்வளவு தூரமும் சுடுகிற சிமெண்டிலும் தார் ரோட்டிலும் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறேன்.

"காலு சுடல?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"வாரு அறுந்து போச்சும்மா. அதான் வேணாம்னு வுட்டுட்டு வந்தேன்."

அவள் கையிலிருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். வார் நன்றாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். என் காலருகே வைத்துவிட்டுப் போனாள். ஆட்டோவில் இருந்த எல்லோரும் என் காலையே பார்ப்பது போல இருந்தது.

அன்றிலிருந்து ஷூதான், சாக்ஸ்தான். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குள்ளேயும் சாக்ஸோடு நடந்தேன். "தரை ஜில்லுனு கீது" என்றேன் மனைவியிடம். "சித்திர வெயில்ல இன்னாய்யா ஜில்லு?" என்றாள். டாக்டர் கேட்டார், "கால் மரத்துப்போகுதா?" "இல்ல சார்" என்றேன். அவர் ஒரு குச்சியை எடுத்துப் பாதத்தில் குத்திப் பார்க்க வந்தபோது, "பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று எழுந்துவிட்டேன்.

காலை வைத்துப் பேர் வாங்கியவன் நான். அந்தக் கால் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது?

கலங்கல்

பிரின்சி தூத்துக்குடிப் பெண். என் மகனும் அவளும் எஞ்சின்களைச் சோதிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். மகன் வேறொரு கம்பெனிக்கு மாற, அது அவனைப் புனேவுக்கு அனுப்பிவிட்டது. பிரின்சி வேலையை விட்டுவிட்டு வல்லம் வடகாலில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தாள். வண்டியோடு வருகிற கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, வெளியில் விற்கிற கம்ப்யூட்டரைப் பொருத்தி, எஞ்சினை அதன் சொல்படி ஓட வைப்பது அவள் தொழில்.

என் மகனின் பழைய டர்போ கார்தான் அவளுடைய மாதிரி வண்டி. அதில் செய்து காட்டித்தான் மற்றவர்களிடம் வேலை வாங்க வேண்டும்.

டர்போ என்றால் என்ன என்று எனக்கு அவள்தான் புரிய வைத்தாள். சைலன்சர் வழியே வீணாகப் போகிற புகை ஒரு காற்றாடியைச் சுற்றுகிறது. அது இன்னொரு காற்றாடியைச் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அடைக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், வலுவும் கூடும். அந்த அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர். அளவு மீறினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

"ஏரிக்குக் கலங்கல் மாதிரியா?" என்று கேட்டேன். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டியிருப்பார்களே, அது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதான் மாமா! டர்போகிட்ட ஒரு சின்னக் கதவு இருக்கு. ஸ்பிரிங் அதை மூடி வச்சிருக்கும். அழுத்தம் ஏறினா அது திறந்து மிச்சப் புகைய வெளிய விட்டுரும். நான் என்ன செய்யுதேன்னா, கம்ப்யூட்டர வச்சு அந்தக் கதவக் கொஞ்சம் லேட்டா திறக்க வைக்கேன்."

அவள் அவசரமே படமாட்டாள். முதலில் பல நாள் கம்ப்யூட்டர் உதவி இல்லாமல், வெறும் ஸ்பிரிங் கொடுக்கிற அழுத்தத்திலேயே ஓட்டிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் ஏற்றுவாள், பெட்ரோல் போதுமா, எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் வருகிறதா என்று பார்ப்பாள், மறுபடி கொஞ்சம் ஏற்றுவாள். உள்ளே போகிற காற்று சூடானால் பூஸ்ட் தானாகக் குறைய வேண்டும். பூஸ்ட் எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் தானாக நின்றுபோக வேண்டும். கதவுக்குப் போகிற வயரை வேண்டுமென்றே பிடுங்கிப் போட்டு ஓட்டச் சொல்வாள்.

"வயர் அத்துப்போனாலும் வண்டி ஸ்பிரிங் அழுத்தத்துக்குத்தான் இறங்கணும் மாமா. ஏறிரக் கூடாது. கெட்டுப்போனாலும் நல்ல பக்கமா கெட்டுப்போகணும்."

இன்னொன்றும் செய்திருந்தாள். ஓட்டுபவன் எவ்வளவு மிதிக்கிறானோ அந்த அளவுக்குத்தான் பூஸ்ட். லேசாக மிதித்தால் கொஞ்சம், அழுத்தி மிதித்தால் முழுசு. எல்லாக் காவலும் போட்டு முடித்த பிறகு, அந்த வண்டி கடைசியில் நம்பியிருந்தது ஓட்டுகிறவனின் காலை.

ஞாயிற்றுக்கிழமை

"நீங்கதான் மாமா ஓட்டணும்" என்று அவள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "உங்கள மாதிரி ஒரே அளவுல மிதிக்கதுக்கு எனக்கு ஆள் கிடையாது." ஓய்வு பெற்ற பிறகு என் காலைக் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வல்லம் வடகால் போனேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் உள்ரோடுகள் காலியாகக் கிடந்தன. செக்யூரிட்டிகளும் மாடுகளும்தான். நான் ஓட்ட, பக்கத்து சீட்டில் பிரின்சி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, பாதி மிதிச்சு அப்படியே பிடிங்க."

மிதித்தேன். வண்டி பாய்ந்தது. ரோடு முடிகிற வளைவு நான் நினைத்ததற்கு முன்பே வந்துவிட்டது. பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனேன். ஷூவின் ஓரம் பெடலில் பட்டு வழுக்கியது. மறுபடி தேடி மிதித்தேன். கால்வாய் ஓரத்தில் வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

ஒரு மாடு எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேயப் போனது.

பிரின்சி மெதுவாகக் கேட்டாள். "பாதிதான குடுத்தீங்க மாமா?"

"பாதிதாம்மா குடுத்தேன்."

பொய் இல்லை. பாதி என்றுதான் நினைத்தேன். கால் எதுவும் சொல்லாததால் இப்போதெல்லாம் முட்டி எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் மிதித்த அளவும் பதிவாகிற அந்தத் திரையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடினாள்.

"சரி மாமா. போயி ஒரு டீ குடிப்பமா?"

வண்டியில்தான் ஏதோ கோளாறு, அதைத்தான் யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் நான் பழைய காகிதம் ஒட்டிய கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் ம் கொட்டிக் கேட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்த டீக்கடை பெஞ்சு குத்துகிறது.

பிட்டில்

இனி டிராக்குக்கு வருகிறேன்.

வெளியாட்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்க அனுமதிக்கிற நாள் அது. பழைய லைன் ஆட்களை நான்தான் கூப்பிட்டிருந்தேன். "வந்து பாருங்கடா" என்று போன் போட்டு அழைத்திருந்தேன். பிரின்சியிடம் வேலை கொடுக்கலாமா என்று பார்க்க வந்த இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

தேவராஜின் கிண்டல் நிற்கவில்லை. "கால்ல மீட்டர் வெச்சவன்டா இவன்! மீட்டர் ஓடுது, வண்டிதான் ஓடல."

பிரின்சி நிமிர்ந்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மாமா நல்லாத்தான் ஓட்டினாங்க. தப்பு என்னோடது. பூஸ்ட் கணக்கு நான் சரியாப் போடல."

"அதான பாத்தேன்" என்றான் தேவராஜ். "எம் மருமவன் வண்டிய இங்கதான் குடுக்கச் சொல்லிகினு இருந்தேன். நல்லவேள, தப்பிச்சேன்."

பார்க்க வந்திருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அடுத்த வண்டிப் பக்கம் நகர்ந்தார்கள்.

நான் பிரின்சியை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். "எவ்ளோம்மா வெச்சிருக்க?"

"ஸ்பிரிங் அழுத்தம் மட்டுந்தான் மாமா. அதுக்கு மேல எவ்வளவு மிதிச்சாலும் வராது."

"தெரிஞ்சே கொறச்சியா?"

தலையசைத்தாள்.

"ஏன்?"

அவள் பார்வை என் ஷூவுக்குப் போய், உடனே விலகியது.

அவ்வளவுதான். கொய்யாக்கார அம்மாவிடம் மறைத்தது, மனைவியிடம் மறைத்தது, டாக்டரிடம் மறைத்தது எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவிழ்ந்து விழுந்தது. மருமகள் முன்னால் வேட்டி நழுவியவன் மாதிரி நின்றேன். முதலில் வந்தது கோபம்தான்.

"ஏத்து."

"மாட்டேன் மாமா."

"எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா."

"சிரிக்கட்டும்."

"ஒன்னப் பாத்து சிரிக்கிறாங்க!"

"பரவால்ல மாமா" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முன்பக்கம் வந்தேன். அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் மேல் உட்கார்ந்து, வலது ஷூவின் முடிச்சை அவிழ்த்தேன்.

"டேய், இந்தப் பொண்ணு தப்பா ஒண்ணும் போடல" என்றேன். "எங் கால்ல உணர்ச்சி இல்ல. அது கண்டுபுடிச்சிருக்கு. நான் எவ்ளோ மிதிக்கிறேன்னு எனக்கே தெரியல, அதான் கொறச்சு வெச்சிருக்கு."

யாரும் நம்பவில்லை. தேவராஜ் சிரித்துக்கொண்டே, "மருமவளுக்கு வக்காலத்தா?" என்றான்.

ஷூவைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு சின்ன நட்டு விழுந்து சிமெண்டில் டிங்கென்று உருண்டது. சாக்ஸ் ரத்தத்தில் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

நட்டைப் பற்றி எனக்கும் அப்போதுதான் தெரியும். கிளம்புவதற்கு முன் ஷெட்டில் மேஜைக்குக் கீழே ஷூவைக் கழற்றிப் போட்டிருந்தபோது விழுந்திருக்க வேண்டும். காலையில் அதன் மேல் காலை வைத்து முடிச்சுப் போட்டு, வண்டியேறி, இங்கே எல்லோரோடும் நின்று பேசி, டிராக்கைச் சுற்றி வந்திருக்கிறேன். கட்டைவிரலுக்குக் கீழே சதை பிளந்திருந்தது.

காலைக் காட்டி நிரூபிக்கத்தான் நினைத்தேன். அது இப்படி நிரூபிக்கும் என்று நினைக்கவில்லை.

டிராக்கில் ஒரு வண்டி கத்திக்கொண்டு போனது. தேவராஜ் தொப்பையோடு சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்து என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். விடவில்லை.

"வலிக்கலியாடா?"

"இல்ல."

"இத்தினி ரத்தம் வருதேடா... கொஞ்சங்கூட வலிக்கலியா?"

அத்தனை பேர் முன்னால் என் ரத்தம் வடிகிற கால் ஒருவன் மடியில் கிடக்கிறது. அந்த இடத்தில் வலித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெட்கம் மட்டும் உச்சந்தலை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

அதன் பிறகு

டிராக்கின் ஆம்புலன்ஸ்காரர் கட்டுப் போட்டுவிட்டார். அடுத்து பிரின்சியே ஓட்டினாள். லேப்டாப்பில் பழையபடி பூஸ்ட்டை ஏற்றி, என் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள். ஹெல்மெட் அவள் தலையில் ஆடியது. நேர்ப்பாதையில் டர்போ விசிலடித்தது. முதுகைத் தள்ளுகிற அந்தக் கை வந்துவிட்டது என்று பிட்டில் உட்கார்ந்தே தெரிந்தது. தேவராஜ் காதைத் தீட்டிக்கொண்டு, "சுத்தமா கீதுடா எஞ்சினு" என்றான்.

சில சுற்றுக்குப் பிறகு வேகம் குறைந்தது. அவள் உள்ளே வந்து, "காத்து சூடாயிட்டு மாமா. அதுவே குறைச்சுக்கிட்டு" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். ஒரகடம் கூட்ரோடு சிக்னலில் நின்றபோது கேட்டேன்.

"ஏம்மா, நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி மாமா சொல்ல? உங்க காலு சரியில்லன்னு மருமக சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் வண்டிகிட்டச் சொன்னேன்."

சிக்னல் விழுந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள்.

"ஆனா தப்பு மாமா. ஸ்பிரிங் அழுத்தத்துலயும் வண்டி செவுத்துல மோதும். உங்கள ஓட்டவே விட்டிருக்கக் கூடாது. எனக்குச் சொல்ல வெக்கம், உங்களுக்கு ஒத்துக்க வெக்கம். பெரிய ஆபத்தாப் போயிருக்கும்."

கட்டைவிரல் புண் ஆற வெகுநாள் ஆனது. மனைவி திட்டித் தீர்த்தாள். மகன் புனேவிலிருந்து வீடியோவில் வந்து காலைக் காட்டச் சொன்னான். காட்டினேன். ஸ்கூட்டர் சாவியைக்கூட மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஷெட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறேன். பிரின்சி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து திரையில் அழுத்தம் ஏறுவதைப் படித்துச் சொல்வது இப்போது என் வேலை. வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. யாராவது "கார் ஓட்டலியா சாமுவேல்?" என்று கேட்டால் இன்னும் முதலில் வாயில் வருவது ஏதாவது ஒரு பொய்தான்.

புண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை தேவராஜ் மருமகனின் வண்டியை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். பிரின்சியிடம் சாவியைக் கொடுத்தான். "அன்னிக்கு ஏதோ பேசிட்டேம்மா, மனசுல வெச்சுக்காத" என்றான். அவள் டீ சொல்ல வெளியே போனாள்.

அவன் உட்காரவில்லை. ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு ஸ்டூலை என் எதிரே இழுத்துப் போட்டு, ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, காலை என் முட்டி மேல் தூக்கி வைத்தான்.

"தொப்ப வுடலடா, குனிஞ்சு பாக்க முடியல. நீ பாத்துச் சொல்லு."

"எப்பலேர்ந்து?"

"பாருடா மொதல்ல."

போன் லைட்டை அடித்துப் பார்த்தேன். குதிகாலுக்கு மேலே ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் தோல் வெளுத்திருந்தது. அதன் மேல் விரலை வைத்தேன். கொஞ்சம் அழுத்தினேன். அவன் முகத்தைப் பார்த்தேன். இன்னும் அழுத்தினேன்.

தேவராஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் தொட்டுப் பாருடா" என்றான். "அந்தப் பொண்ணு வந்துறப் போவுது."